எண்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஓர் இசை ஜோடி

ஒருவர் பியானோவில் விரல் ஓட்டுகிறார். இன்னொருவர் அறைக்குள் நடந்துகொண்டே வரி சொல்கிறார். அடுத்த காட்சியில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. பழைய ஹாலிவுட் இசைப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர் ஆகியோரின் வாழ்க்கையையே படமாக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருந்தது.

சினிமா பேசத் தொடங்கியதும் பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நியூயார்க் பதிப்பாளர்களிடம் காசு கொடுத்து மாளாது என்று வார்னர் சகோதரர்கள் 1929இல் விட்மார்க், ஹார்ம்ஸ், ரெமிக் ஆகிய இசைப் பதிப்பகங்களையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். இப்படிக் கைக்கு வந்த பழைய பாட்டுகளை மறுபடியும் விற்க எளிய வழி, அவற்றை உண்டாக்கியவர்களின் கதையைச் சொல்வது. 1945இல் ஜார்ஜ் கெர்ஷ்வின், 1946இல் கோல் போர்ட்டர் என்று வார்னர் நிறுவனம் படம் எடுத்தது. எம்.ஜி.எம். சும்மா இருக்குமா? 1948இல் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் – பாடலாசிரியர் லோரன்ஸ் ஹார்ட் ஜோடியைப் பற்றி 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்', 1950இல் கால்மர் – ரூபி ஜோடியைப் பற்றி 'த்ரீ லிட்டில் வேர்ட்ஸ்'. ஹார்ட் 1943இலேயே இறந்துவிட்டார். அவருடைய குடியும் தனிமையும் திரையில் மழுப்பலாகவே வந்தன. ஜூடி கார்லண்ட் வந்து பாடினார், ஜீன் கெல்லி வந்து ஆடினார். வாழ்க்கை, பாட்டுகளைக் கோக்கும் நூலாக மட்டும் இருந்தது.

டில்லியில் இதே வகைப் படத்துக்கு வேறு விதை விழுந்தது. பல்லிமாரான் பகுதியின் காசிம் ஜான் தெருவில் வாழ்ந்த உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப் 1869இல் மறைந்தார். அவருடைய சீடர் ஹாலி 1897இல் ஆசிரியரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். இரவில் ஒரு கண்ணி தோன்றினால் காலிப் இடுப்புக் கச்சையில் ஒரு முடிச்சுப் போடுவார், காலையில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து நினைவுபடுத்தி எழுதிக்கொள்வார் என்பது போன்ற செய்திகள் நமக்கு அந்தப் புத்தகத்தால் கிடைத்தவை. படம் எடுக்க இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்!

1941இல் டில்லி அகில இந்திய வானொலியில் நாடகம் எழுதும் வேலைக்கு வந்தார் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோ. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் அதை விட்டுவிட்டு பம்பாய் சினிமாவுக்குத் திரும்பினார். காலிப்பைப் பற்றி ஒரு படக் கதை எழுதியவர் அவர்தான். பாடகிப் பெண் ஒருத்தியிடம் தான் கொண்ட காதலைக் காலிப் ஒரு கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறு குறிப்பை மண்ட்டோ முழுநீளக் காதல் கதையாக வளர்த்தார். ஹாலிவுட் ஹார்ட்டின் துயரத்தைக் குறைத்துக் காட்டியது, மண்ட்டோ காலிப்பின் துயரத்தைக் கூட்டினார். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கிறது. அதில் பொய் கலந்திருந்தாலும் கவிஞர் சிறுத்துப் போகவில்லை.

பிரிவினை குறுக்கே வந்தது. 1948இல் மண்ட்டோ லாகூர் போய்விட்டார். சோராப் மோடி அந்தக் கதையைப் படமாக்கினார், ரஜிந்தர் சிங் பேடி வசனம் எழுதினார். பாரத் பூஷண் காலிப்பாகவும் சுரையா அந்தப் பாடகியாகவும் நடிக்க, 1954 இறுதியில் 'மிர்ஸா காலிப்' வெளிவந்தது. அடுத்த சில வாரங்களில், 1955 ஜனவரியில், மண்ட்டோ லாகூரில் இறந்தார். படத்துக்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. சுரையாவை நேரு மனமாரப் பாராட்டிய செய்தி இன்றும் சொல்லப்படுகிறது.

இந்தப் படத்தில் எனக்குப் பெரிய அதிசயம் அதன் இசை. ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் ஒரே காலத்து மனிதர்கள். அவர்கள் சேர்ந்து உழைத்ததைப் படம் திருப்பிக் காட்டியது. காலிப்பின் கஜல்களுக்கு மெட்டமைத்த குலாம் முகம்மதோ, கவிஞர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு அவரோடு கூட்டுச் சேர்ந்தார். வாழ்க்கைப் படம் ஒரு பழைய ஜோடியை நினைவுகூரவில்லை, புதிய ஜோடியையே உண்டாக்கிவிட்டது. இங்கே பதிப்பக உரிமைப் பேச்சும் இல்லை. டில்லித் தெருக்களில் பக்கிரிகளும் பாடகிகளும் பாடி வந்த கவிஞருக்கு யார் விலை போடுவது?

வெற்றி வந்தால் நகல் வரும். லாகூரும் 1961இல் நூர்ஜஹானை வைத்து ஒரு காலிப் படம் எடுத்தது. பாரத் பூஷண் கவிஞர், பாடகர் வேடங்களிலேயே ஊறிப்போனார். பைஜு, சைதன்யர், காலிப், காளிதாசன், தான்சேன் எல்லாருக்கும் திரையில் அவர் முகம்தான். 1988இல் தூர்தர்ஷனுக்காக குல்சார் எடுத்த தொடரில் நசீருதீன் ஷா காலிப் ஆனார். இம்முறை காலிப்போடு கூட்டுச் சேர்ந்தவர் ஜக்ஜித் சிங். உருது எழுத்தே தெரியாத வீடுகளிலும் அந்த கேசட்டுகள் ஓடின.

தமிழ்நாட்டில் இதே கதை சற்றுத் திரும்பி நடந்தது. பாரதியார் பாடல்களின் இசைத்தட்டு, சினிமா உரிமை படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் வசம் இருந்தது. பாட்டைச் சொத்தாக வைத்திருந்த வார்னரின் வழிதான். ஆனால் பாரதி எல்லாருக்கும் பொது என்ற குரல் எழுந்தது, செட்டியார் பணம் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார், 1949இல் அரசு பாரதியை நாட்டுடைமையாக்கியது. அதனால் 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் ஜி. ராமநாதனும், 2000இல் ஞான ராஜசேகரனின் 'பாரதி'யில் இளையராஜாவும், 1921இல் மறைந்த கவிஞரோடு ஜோடி சேர முடிந்தது.

ஒரே காலத்தில் வாழ்ந்த ஜோடிக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. பம்பாயின் சங்கர் – ஜெய்கிஷன் போலச் சேர்ந்து இசையமைக்கலாமே என்று விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இணைத்ததாகச் சொல்வார்கள். 1952இல் அவருடைய 'பணம்' படத்தில் தொடங்கி, 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்து, 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். நட்பு, புகழ், பிரிவு, முப்பது ஆண்டு கழித்து ஒரு சந்திப்பு, நடுவில் கவிஞர் கண்ணதாசன். ஹாலிவுட் தேடி அலைந்த அத்தனையும் இதில் இருக்கிறது. யாராவது இதைப் படமாக எடுத்தால், அந்தப் பிரிவை மழுப்பாமல் எடுக்க வேண்டும்.