பருத்திக்குன்றம் முதல் மாமல்லை வரை

காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டுவதற்குத் தனி மகிழுந்தும் உடன்வரும் வழிகாட்டியும் இந்நாளில் எளிதிற் கிடைக்கின்றனர். சென்ற தைத் திங்களில், பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த என் தமையனார் மகன் குடும்பத்தாருடன் நானும் அவ்வாறு சென்று வந்தேன். அப்பயணத்தில் எழுந்த வினா ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம்.

வழிகாட்டியார் காலையில் நீட்டிய நிரலில் கைலாசநாதர் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், வரதராசப் பெருமாள் கோயில், பட்டு நெய்வோர் இல்லம், பின்னர் கடற்கரை என்றிருந்தது. திருப்பருத்திக்குன்றம் இல்லை. காரணம் கேட்டதற்கு, "அதை யாரும் கேட்பதில்லை ஐயா" என்றார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. நாமே கேளாத ஊரை அவர் எதற்காகக் காட்டப் போகிறார்? பட்டு நெய்யுமிடத்தை நீக்கிவிட்டுப் பருத்திக்குன்றத்தைச் சேர்க்கச் சொன்னேன். பட்டுப்பூச்சியின் கதியை எண்ணின் இதில் இழப்பொன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பெண்டிர் இக்கருத்தை ஏற்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

வேகவதியாற்றின் கரைப்பக்கத்து அச்சிற்றூரையே ஜினகாஞ்சி என முன்னோர் போற்றினர். அவ்வூரின் தொன்மைக்கு வாய்மொழி வழக்கு மட்டுமன்றி உறுதியான சான்றும் உண்டு. பருத்திக்குன்றிலிருந்த வச்சிரநந்தி என்னும் சமண ஆசிரியருக்கு, பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 6ஆம் ஆட்சியாண்டில் அமண்சேர்க்கை என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. ஊர்ப்பெயரிலேயே 'அமண்' இருப்பதைக் காண்க. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும் இந்நாட்டில் நிர்க்கந்தர் பலர் வாழ்ந்தனர் என்றே எழுதி வைத்தார்.

இங்குள்ள சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் காலக் கற்றளி. அருகிலுள்ள திரைலோக்கியநாதர் கோயிலே அளவிற் பெரியது. சோழர் காலக் கல்வெட்டுகள் பல அங்குள்ளன. எனினும் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது சங்கீத மண்டபமே. விசயநகரப் பேரரசின் தண்டநாயகரான இருகப்பர், தம் ஆசிரியர் புட்பசேனரின் சொற்படி 1387-88இல் இதனை எடுப்பித்தார். அவர் படை நடத்தியவர் மட்டுமல்லர். நானார்த்த ரத்தினமாலை என்னும் வடமொழி நிகண்டை இயற்றியவர். விசயநகரத் தலைநகரிலும் குந்துநாதருக்கு ஜினாலயம் எழுப்பியவர். தமிழாசிரியனாக இருந்தவனுக்கு, நிகண்டு செய்த தண்டநாயகர் ஒருவர்பால் தனி அன்பு தோன்றுவது இயல்பே.

அம்மண்டப விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. சில பகுதிகள் மங்கியும் உதிர்ந்தும் போயின. டி. என். இராமச்சந்திரன் இக்கோயில்களை ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. இன்று நாம் கண்ணால் காண இயலாத சிலவற்றை அந்நூலின் துணைகொண்டே அறிகிறோம்.

வழிகாட்டியார் அண்ணாந்து பார்த்தவர், "இங்கே கண்ணன் எப்படி வந்தான்?" என்று வியந்தார். கண்ணன் நேமிநாதருக்கு நெருங்கிய உறவினன் என்பதும், நம் புராணங்களில் அவன் வரலாறு விரிவாக உண்டு என்பதும் அவருக்குப் புதிய செய்தி. காட்சி இன்னதெனக் கூறும் தமிழ்க் குறிப்புகள் ஓவியங்களின் கீழே எழுதப்பட்டிருப்பதைக் காட்டினேன். அக்குறிப்புகள் இல்லையாயின், கண்ணனைக் கண்ட மாத்திரத்தே இதனை வைணவ மண்டபம் என்று ஒருவர் முடிவு கட்டிவிடக் கூடும்.

நண்பகலுக்குப் பின் செங்கற்பட்டு வழியாக மாமல்லபுரம் சேர்ந்தோம். காலையில் கண்ட கைலாசநாதர் கோயிலையும் மாலையில் கண்ட கடற்கரைக் கோயிலையும் எடுத்தவன் இராசசிம்மன் ஒருவனே. ஆகவே காஞ்சியும் இக்கடற்கரையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

அர்ச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறையின் முன் நின்றபோது, நாங்கள் சமணர் என்பதை அறிந்துகொண்ட வழிகாட்டியார், "இதுவும் உங்கள் மதத்துக் கதைதான் என்று ஓர் அறிஞர் எழுதியிருக்கிறார்" என்றார். எங்களை மகிழ்விக்கவே சொன்னார். உடனே பேரன் என் கையைப் பற்றி, "உண்மையா தாத்தா? இது நம்முடையதா?" என்றான்.

அவ்வறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி. சமணமும் தமிழும் என்ற நூலால் நம் வீடுகளிலெல்லாம் அறிமுகமானவர். சமணராய்ப் பிறவாதிருந்தும் நம் வரலாற்றை மீட்டுத் தந்தவர். மகாபலிபுரத்து ஜைன சிற்பம் என்னும் நூலில், இப்பாறையில் உள்ளது அசிதநாதர் புராணத்தில் வரும் சகர சக்கரவர்த்தியின் மைந்தர் கதையே என்று அவர் வாதிட்டார். கயிலையில் பரதன் அமைத்த ஜினாலயங்களைக் காக்கச் சகர குமாரர் அகழி தோண்டிக் கங்கையைக் கொணர்ந்ததும், நாகத்தின் சினத்தால் அழிந்ததும், பகீரதன் வரலாறும் நாம் அறிந்தவை. பாறையின் நடுப்பிளவை ஆறாகவும் அதில் எழும் நாகரைப் பாதாளவாசிகளாகவும் கொண்டால் அர்ச்சுனன் கதையைவிடக் கங்கைக் கதையே பொருந்தும் என்பதை எவரும் மறுத்தல் அரிது.

இருபது ஆண்டுகட்கு முன் நம்மவர் கூட்டமொன்றில், இச்சிற்பம் நம்முடையதே என்று ஐயமின்றி முழங்கியவன் நான். பெருத்த கைத்தட்டலும் கிடைத்தது. இன்று அவ்வாறு கூற இயலவில்லை. பகீரதன் கதை சைவருக்கும் உண்டு. ஒற்றைக்காலில் நின்று கையுயர்த்தித் தவம் புரிவோன் அருகே நான்கு கரத்து இறைவன் பூதகணங்கள் சூழ நிற்கிறான். வரமளிக்கும் அவ்விறைவனுக்கு நம் புராணத்தில் இடமில்லை. தீர்த்தங்கரர் திருவுருவமும் அப்பாறையில் ஒன்றேனும் இல்லை. பருத்திக்குன்றத்து ஓவியங்களின் கீழ் உள்ளதுபோல் இன்ன கதையென்று கூறும் எழுத்தும் இல்லை. கண்ணனைக் கண்டு வைணவ மண்டபம் என்பது எத்தகைய பிழையோ, கங்கையைக் கண்டு சமணச் சிற்பம் என்பதும் அத்தகையதே ஆகலாம். வேங்கடசாமியார்பால் நான் கொண்ட மதிப்பு இதனாற் குறைந்ததில்லை. அவர் தம் காரணங்களை எடுத்து வைத்து வாதிட்டார். நானோ அவற்றை எடைபோடாமலே முழங்கினேன்.

"நம்முடையது என்று என்னால் சொல்ல முடியாது, கண்ணு" என்றேன். சிறுவன் முகம் வாடியது. "அப்படியானால் காலையில் பார்த்தது?" என்றான். செப்பேட்டையும் இருகப்பரையும் மீண்டும் ஒருமுறை அவனுக்குச் சொன்னேன். ஊர்ப்பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான்.

கதிரவன் மறையுமுன் உணவை முடிக்க வேண்டி, கொண்டு சென்ற கட்டுச்சோற்றைக் கடற்கரையிலேயே பிரித்தோம். வழிகாட்டியாரும் உடன் உண்டார். இனி வருவோர்க்குப் பருத்திக்குன்றத்தையும் நிரலில் எழுதிக் காட்டுவதாகக் கூறினார். நம் குடும்பத்தார் அவ்வழியே பயணம் ஏற்பாடு செய்யுங்கால், வண்டி பேசும்போதே அவ்வூரின் பெயரைச் சொல்லிவிடுக. விதான ஓவியங்களைக் காண நல்ல வெளிச்சம் வேண்டுமாதலால், முதலில் அங்கே செல்வது நலம்.