பயங்கரம் என்னும் துதி



சில மாதங்களுக்கு முன், வாலிபர் கூடுகையில் ஒரு கல்லூரி மாணவி, "ஆண்டவரே, நீர் ஆசம்!" என்று ஜெபித்தாள். சினிமாவுக்கும் பிரியாணிக்கும் சொல்லும் சொல்லைத் தேவனுக்குச் சொல்லலாகாது என்று எல்லார் முன்னிலையிலும் அவளைக் கடிந்துகொண்டேன். அன்றுமுதல் அவள் வாய்திறந்து ஜெபிப்பதில்லை.

பின்னர் அந்த ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை ஆராய்ந்தேன்; வெட்கமடைந்தேன். அதன் முற்பகுதியான 'ஆ', திகிலைக் குறிக்கும் 'அகி' என்னும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய டேனிஷ் மிஷனெரிமாரின் முன்னோர் பேசிய மொழி அது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தோன்றிய 'ஆசம்', முதலில் பயபக்தியையே சுட்டியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அமெரிக்க இளைஞர் பேச்சில் 'மிக அருமை' என்று இளைத்தது. அதன் உடன்பிறப்பான 'ஆஃபுல்' என்பதும் ஒருகாலத்தில் பயபக்தியையே குறித்தது. இன்று அதற்குப் 'படுமோசம்' என்று பொருள்.

பெத்தேலில் கண்விழித்த யாக்கோபை நினைவுகூருங்கள். அந்த இடத்தைக் குறித்து அவன் சொன்ன எபிரெயச் சொல்லுக்கு, 'அஞ்சுதல்' என்பதே வேர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் அதை 'ட்ரெட்ஃபுல்' என்றது. நம் தமிழ் வேதாகமம் 'பயங்கரம்' என்கிறது. 1978இல் வெளிவந்த புதிய சர்வதேச ஆங்கில மொழிபெயர்ப்போ 'ஆசம்' என்றே எழுதுகிறது. நான் கண்டித்த சொல் வேதாகமத்திலேயே இருந்தது!

நம் 'பயங்கரம்' மட்டும் தேயவில்லையா? "சாப்பாடு பயங்கரம்" என்று நம் பிள்ளைகள் புகழ்கிறார்களே! சொற்கள் தேயும், அது அவற்றின் இயல்பு. தேயக்கூடாதது நம் உள்ளத்தின் நடுக்கம். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியை நோக்கி லட்சக்கணக்கானோர் நிமிர்ந்து நிற்பதை ஆண்டுதோறும் காணும் நமக்கு, வியந்து நிற்றல் என்றால் என்னவென்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நாமோ, பழகிப்போன சொற்களைப் பழகிப்போன நாவால் ஒப்பித்துவிட்டு வீடு திரும்புகிறோம். அவள் இரவல் சொல்லில் மெய்யாகவே வியந்தாள். நான் தூய தமிழில் வியக்க மறந்திருந்தேன்.

கடிந்துகொண்ட அதே கூடுகையில், எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றாள். இன்னும் அவள் ஜெபிக்கவில்லை, காத்திருக்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் கண்டிப்பால் உங்கள் வீட்டில் யாருடைய துதி அடங்கிப்போயிற்று? இந்த வாரம் அவர்களிடம் செல்லுங்கள். கர்த்தர் உங்களோடு இருப்பாராக. ஆமென்.