இலத்திரனை இழுக்கும் வலிமை

அணுக்கள் கூடிச் சேர்வைகளாகும்போது, பங்கிட்ட இலத்திரன்களைத் தன்பால் இழுக்கும் ஆற்றல் ஒவ்வொரு மூலகத்துக்கும் வேறுபடும். இதுவே மின்னெதிர்த்தன்மை எனப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியசு, மூலகங்களை மின்னியல்புக்கேற்ப நிரற்படுத்தி, ஒட்சிசனுக்கு முதலிடம் அளித்தார். ஆயினும் அந்நிரலில் அளவுகோல் இல்லை.

1932ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இலைனசு போலிங் அக்குறையைத் தீர்த்தார். ஐதரசனும் குளோரீனும் கூடிய பிணைப்பு, அவை தத்தம் இனத்தோடு கொண்ட பிணைப்புகளின் சராசரியிலும் வலியது. இலத்திரன்கள் ஒருபுறம் சாய்வதே இம்மிகுதிக்குக் காரணம் எனக் கொண்டு, அதிலிருந்து எண்களைக் கணித்தார். பின்னர் விரிந்த அவ்வளவையில் புளோரீன் ஏறத்தாழ 4.0 பெற்று முதலிடத்திலும், சீசியம் 0.8 அளவிற் கடையிலும் நின்றன.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? கருவின் நேரேற்றம் மிகுந்தால் இழுப்பும் மிகும். வெளியோடு கருவினின்று விலகினாலும், உள்ளோட்டு இலத்திரன்கள் இடைநின்று மறைத்தாலும் இழுப்புக் குறையும்.

புளோரீனின் வலிமையை நன்கறிந்த போலிங், சடத்துவ வாயுவாகிய செனனும் அதனோடு கூடும் என 1933இல் எதிர்வுகூறினார். அவ்வாண்டே நிகழ்ந்த முயற்சி தோல்வியுற்றது. சடத்துவ வாயுக்கள் எதனோடும் சேரா என்ற கொள்கையே மேலும் மூன்று தசாப்தம் நிலைத்தது.

1962இல் கனடாவின் வன்கூவர் நகரில் நீல் பாட்லெற், பிளாற்றினத்தின் புளோரைட்டு ஒன்று ஒட்சிசன் மூலக்கூற்றிலிருந்தே இலத்திரனைப் பறிப்பதைக் கண்டார். செனனிலிருந்து இலத்திரனை நீக்கவும் ஏறத்தாழ அதே சத்தி போதும் என உணர்ந்து, இரண்டையும் கலந்தார். மஞ்சள் நிறத் திண்மம் தோன்றியது. அவ்வாண்டே செனனும் புளோரீனும் நேரே கூடின. பாடநூல்கள் திருத்தப்பட்டன.