திக்கான ஆயில்
"வேகமான வண்டியா? திக்கான ஆயிலா ஊத்துங்க, அப்பதான் தாங்கும்" என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911இல் ஆயிலைத் தரம் பிரித்தது. 'வெயிட்' என்று வாய் சொன்னாலும், எண் குறித்தது எடையை அல்ல, ஆயிலின் கெட்டித்தன்மையை. குளிருக்கு ஒரு ஆயில், வெயிலுக்கு ஒரு ஆயில் என்றிருந்த காலம் அது. மெல்லிய ஆயில் சூட்டில் தண்ணியாகிவிடும்.

1950களில் பாலிமர் கலந்த மல்டிகிரேடு பரவியதும் ஒரே டப்பாவில் இரண்டு எண்கள் வந்தன. 10டபிள்யூ-60 என்றால் குளிரில் 10டபிள்யூ, 100 டிகிரி செல்சியஸில் 60. 'டபிள்யூ' வெயிட் இல்லைங்க, வின்டர்.

8000 ஆர்பிஎம் வரை சீறும் பிஎம்டபிள்யூ இ46 எம்3க்கு நிறுவனம் சொன்னது 10டபிள்யூ-60. 2021இல் வந்த டொயோட்டா ஜிஆர்86க்கு 0டபிள்யூ-20. இரண்டும் வேகக் கார்கள்தான், இன்ஜின்கள்தான் வேறு. பேரிங் இடைவெளி குறுகலென்றால் கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். இடைவெளி அகலமென்றால் மெல்லிய ஆயிலின் படலம் சூட்டில் அறுந்து இரும்போடு இரும்பு உரசும். எப்படியும் முதலில் சாவது பேரிங்.

அதனால் எண்ணைத் தீர்மானிப்பது காரின் வேகமோ நம்ம கெத்தோ இல்லை. இன்ஜினைக் கட்டியவன் விட்ட அந்த மயிரிழை இடைவெளி. அது கையேட்டில் எண்ணாக எழுதியிருக்கிறது.