பழங்கல் போற்றிய பேரரசியார்

சிவபெருமான் திருவருளால் திருக்குட நன்னீராட்டு நிகழும் இந்நன்னாளில், திருப்பணிக்குப் பொருள் வழங்கிய அன்பர்தம் பெயர்கள் இம்மலரில் இடம்பெறுகின்றன. கொடை பெருமைக்குரியது. அக்கொடை பணிவோடு கூடியவழி, கொடுத்தாரையும் கொண்டாரையும், முன்னோரையும் பின்னோரையும் ஒரு குடும்பமாகப் பிணிக்கும். இவ்வுண்மைக்குச் சான்றாக நின்றவர் சோழப் பேரரசியார் செம்பியன் மாதேவியார்.

மழவரையர் மகளாராகிய இவ்வம்மையார், திருவிசைப்பா அருளிய கண்டராதித்த சோழரின் தேவியார். 957-ஆம் ஆண்டளவில் கணவரை இழந்தார். அப்போது அவர்தம் மைந்தர் உத்தம சோழர் இளம்பருவத்தினர். துயரில் ஆழ்ந்து ஒடுங்காமல், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிவத்தொண்டிலேயே அம்மையார் வாழ்நாளைச் செலவிட்டார். திருநல்லம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருமுதுகுன்றம், திருவாரூர் அரநெறி முதலிய தலங்களில் கற்றளிகள் எழுந்தன. ஆட்சிகள் பல மாறின. அவர் தொண்டு மாறவில்லை.

திருநல்லம் என்பது இன்றைய கோனேரிராசபுரம். அங்கே தம் கணவர் திருப்பெயரால் அம்மையார் கற்றளி எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தைக் கல்லில் அமைப்பித்தார். அவ்வளவில் நின்றாரல்லர். அக்கோயிலைக் கட்டிய ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் என்பாரின் உருவமும் பெயரும் அங்கே இடம்பெற்றன. பட்டமும் அவருக்கு வழங்கப்பெற்றது. பொருள் கொடுத்த அரசியார், உழைப்புக் கொடுத்தவரையும் கல்லெழுத்தில் நிலைபெறச் செய்தார்.

திருக்கோடிகாவில் நிகழ்ந்தது இதனினும் சிறந்தது. பழங்கோயிலைக் கற்றளியாக்கும் காலத்து, முன்னோர் கொடைகளைக் குறித்த பழங்கற்கள் அங்குமிங்கும் கிடந்தன. அவற்றுள் பல்லவர் காலத்துக் கல்வெட்டுகளும் இருந்தன. ஆளும் குலத்து அரசியார், ஆட்சி நீங்கிய குலத்தார் காலத்து எழுத்தை அழியவிட்டிருந்தால் கேட்பார் யார்? அம்மையாரோ அவற்றையெல்லாம் படியெடுத்துப் புதிய சுவர்களில் வெட்டுவித்தார். அவை பழங்கல்லின் படி என்னும் குறிப்பையும் உடன் பொறிப்பித்தார். விளக்குக்கு நெய் அளித்த எளியோர் கொடையும் இவ்வாறே காலங்கடந்து நின்றது. பிறர் அறத்தைத் தம் அறமாகக் காட்டிக்கொள்ளாத இப்பணிவே அவர்தம் பெருங்கொடை என்க.

பிறரைப் போற்றியவரைப் பிறரும் போற்றினர். நாகப்பட்டினத்தை அடுத்துச் செம்பியன் மாதேவி எனும் ஊர் அவர் பெயரால் விளங்குகின்றது. அங்கே அம்மையார் பிறந்த நாளுக்கென உத்தம சோழரின் தேவியர் அறக்கட்டளைகள் வைத்தனர். மாமியாரின் பிறந்த நாளை மருமகளிர் இறைவன் திருமுன் கொண்டாடிய அன்பு எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது. அம்மையார் சிவபதம் எய்திய பின்னர், 1019-ஆம் ஆண்டளவில், முதலாம் இராசேந்திரர் காலத்தில் அவ்வூர்க் கோயிலில் அவர்க்குத் திருவுருவமும் எழுந்தருளுவிக்கப்பெற்றது. இராசேந்திரர் அவர் வயிற்றுப் பேரர் அல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

திருப்பணி அன்பர்கள் இங்கு ஒன்று கருத வேண்டும். இந்நாளில் சில கோயில்களில் பழைய கல்வெட்டுகள் சுண்ணத்திலும் சிமெண்டிலும் மறைகின்றன. மணலைப் பாய்ச்சித் தூய்மை செய்யுங்கால் எழுத்துகள் தேய்ந்தழிகின்றன. பழங்கல் பெயர்க்கப்பட்டுப் படிக்கல்லாகிறது. அங்கு அழிவது வெறும் எழுத்தன்று. பசுவையும் பொன்னையும் நிலத்தையும் ஈந்த முன்னோரோடு நமக்குள்ள உறவேயாகும். முன்னவர் பெயரை நாம் காவாவிடின், நம் பெயரைப் பின்னவர் காப்பர் என எதிர்பார்த்தல் எங்ஙனம் முறையாகும்? ஆதலின் கல்லொன்றைத் தொடுமுன் அதில் எழுத்துண்டோ எனப் பார்த்தலும், கற்றறிந்தாரைக் கொண்டு படியெடுத்தலும் திருப்பணியின் முதற்பணியாகட்டும்.

ஈவார் கையும், உழைப்பார் கையும், வணங்குவார் கையும் ஒன்றுகூடுமிடமே ஆலயம். அங்கே உயர்வு தாழ்வு இல்லை. செம்பியன் மாதேவியார் காட்டிய நெறிநின்று, அன்பர் அனைவரும் அம்மையப்பர் திருவருளால் எல்லா நலங்களும் பெற்று இனிது வாழ்வாராக.

திருச்சிற்றம்பலம்.