நெடுங்கடிகாரம்: கூடத்து அழகும் காலத்தின் கணக்கும்

காலத்தை அளக்கும் கருவிக்கு மனிதன் சூட்டிய பெயர்களை ஆராய்ந்தால், அவற்றுட் பல பாத்திரங்களின் பெயர்களாகவே இருக்கக் காண்கிறோம். தமிழர் ‘நாழிகை வட்டில்’ என்றனர். வட்டில் என்பது கிண்ணம். ‘கடிகாரம்’ என்னும் சொல்லுக்கு வேரான வடசொல் குடத்தைக் குறிப்பது. பாரசீகர் ‘பின்கான்’ என்றனர், அதுவும் கிண்ணமே. அச்சொல்லே அரபியில் ‘பன்காம்’ எனத் திரிந்து கடிகாரத்திற்குப் பெயராயிற்று. அடியில் சிறு துளையிட்ட கிண்ணம் ஒன்று நீரில் மிதந்து, நிறைந்து, மூழ்கும் நேரமே ஒரு நாழிகை. அஃது இக்காலக் கணக்கில் 24 நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள்.

பிற்கால அரபியரோ கடிகாரத்தை ‘ஸாஅத்’ என்றனர். மணி நேரத்திற்கும் அதுவே பெயர். மறுமை நாளுக்கும் அதுவே பெயர். மணி பார்க்கும்போதெல்லாம் கணக்குக் கேட்கப்படும் நாளையும் நினைவூட்டும் சொல் வேறு எம்மொழியில் உண்டோ, நாமறியோம்.

காலக் கருவிகளுள் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். ஆளுயர மரப்பெட்டிக்குள் நின்று, நீண்ட ஊசலை ஆட்டி, மணிதோறும் கணீரென ஒலிக்கும் நெடுங்கடிகாரமே அது. ஆங்கிலேயர் அதனைத் ‘தாத்தா கடிகாரம்’ என்பர். 1876இல் அமெரிக்கரான ஹென்றி கிளே ஒர்க் என்பார் இயற்றிய பாடலொன்று பரவியபின் நிலைத்த பெயர் இது. இன்று அக்கடிகாரம் செல்வர் கூடங்களில் அணிகலனாகவும், பழம்பொருள் சேகரிப்போர் விலை பேசும் சரக்காகவும் ஆகிவிட்டது. அழகுக்காக வாங்குவதை நாம் குறை கூறோம். ஆயினும் அது எதற்காகப் பிறந்தது என்பதை அறியாமல் வாங்குவோர், பெட்டியை வாங்கிப் பொருளை விட்டுவிடுகின்றனர்.

பள்ளிவாசலின் காலக் கணக்கர்

ஐவேளைத் தொழுகையும் சூரியனின் போக்கைச் சார்ந்தவை. உச்சி சாய்ந்தால் லுஹர். அஸருக்கு நிழலின் நீளமே அளவு: ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் உயரத்திற்குச் சமமாகும்போது என்பர் ஷாஃபிஈகள், இருமடங்காகும்போது என்பது இமாம் அபூஹனீஃபாவின் கூற்று. இக்கணக்கிற்கெனவே ‘இல்முல் மீகாத்’ என்றொரு கலை வளர்ந்தது. பெரும் பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் காலக் கணக்கர் பணியமர்த்தப்பட்டனர். திமிஷ்க் நகரின் உமையாக்கள் பள்ளியில் அப்பணியாற்றிய இப்னுஷ் ஷாத்திர், 1371இல் அமைத்த சூரியக் கடிகாரம் அக்கலையின் உச்சம் எனலாம். அவருக்கு முன்பே, 1206இல் அல்ஜஸரீ முடித்த நூலில் யானை வடிவ நீர்க்கடிகாரம் உள்ளிட்ட பல பொறிகள் படங்களுடன் விளக்கப்பட்டிருந்தன. 1559இல் தகிய்யுத்தீன் என்னும் உதுமானிய அறிஞர் பற்சக்கரக் கடிகாரங்களைப் பற்றி அரபியில் தனிநூலே எழுதினார்.

ஆக, காலத்தைக் கூர்மையாக அறியவேண்டும் என்ற வேட்கை நமக்குப் புதியதன்று. கருவியின் கூர்மைதான் போதவில்லை. அக்காலத்துப் பற்சக்கரக் கடிகாரங்கள் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் முந்துவதும் பிந்துவதும் இயல்பாயிருந்தன.

பெட்டி நீண்ட காரணம்

இக்குறையைத் தீர்த்தது ஊசல். 1656இல் ஹாலந்து நாட்டின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலால் இயங்கும் கடிகாரத்தை அமைத்தார். கால்மணி நேரப் பிழை கால் நிமிடமாகச் சுருங்கிற்று. தமிழில் ‘ஊசல்’ என்றால் ஊஞ்சல். அரபியர் அதனை ‘ரக்காஸ்’ என்பர். ஆடுபவன் என்பது பொருள். இரு மொழியாரும் அதன் ஆட்டத்தைக் கண்டே பெயரிட்டிருப்பது மகிழத்தக்கது.

முதல் ஊசற்கடிகாரங்களில் ஊசல் மிக அகன்று வீசியது. நீண்ட ஊசலை அவ்வாறு வீசவிட்டால் பெட்டி அறையளவு அகலவேண்டும். ஆகவே குட்டை ஊசலே பொருத்தப்பட்டது. 1670ஐ ஒட்டி இங்கிலாந்தில் நங்கூர வடிவிலான ஓர் உலோகத் துண்டைக் கண்டனர். அது பற்சக்கரத்தின் ஒரு பல்லைப் பிடித்து, ஊசலின் வீச்சுக்கு ஏற்ப விடுவித்து, அடுத்த பல்லைப் பிடிக்கும். நாம் கேட்கும் ‘டிக், டிக்’ ஒலி அப்பல் அதன்மேல் படும் ஒலியே. வில்லியம் கிளெமென்ட், ராபர்ட் ஹூக் ஆகிய இருவர் பெயரும் இதனோடு இணைத்துப் பேசப்படுகின்றன. இதன் பயனாய் ஊசல் சில பாகையளவே அசைந்தால் போதும் என்றாயிற்று. உடனே ஒரு வீச்சுக்குச் சரியாக ஒரு நொடி எடுக்கும் நீண்ட ஊசலைப் பொருத்தினர். அதன் நீளம் ஏறத்தாழ 99 சென்டிமீட்டர். அவ்வூசலும், எட்டு நாள் மெல்ல மெல்ல இறங்கும் எடைக்குண்டுகளும் அடங்கவேண்டியே பெட்டி உயர்ந்தும் ஒடுங்கியும் அமைந்தது. இன்று நாம் வியக்கும் அவ்வடிவழகைத் தச்சன் கற்பனையில் காணவில்லை; ஒரு நொடி தந்த அளவு அது.

அவ்வளவு எத்துணை நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு. ஊசல் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் கடிகாரம் நாளொன்றுக்கு 43 நொடி பிந்தும். கோடையில் வெப்பம் பத்துப் பாகை செல்சியஸ் ஏறினால் இரும்பு ஊசல் தானே நீண்டு, ஐந்து நொடி பிந்தும். அன்றியும், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு குறைகிறது. 1672இல் தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ஜான் ரிஷே என்னும் பிரெஞ்சு அறிஞரின் கடிகாரம், பாரிஸில் ஓடியதைவிட நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. அவ்வாறே இலண்டனில் திருத்தி அனுப்பிய கடிகாரம் நம் திருச்சிச் சீமையில் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்திற்கு மேல் பிந்தும். ஊசலின் அடியிலுள்ள திருகைத் திருகிக் குண்டை மூன்று மில்லிமீட்டர் உயர்த்தினாலன்றி அது நம் நாட்டு நேரத்தைச் சொல்லாது. வெளியூர்ச் சரக்கு எதுவாயினும், வந்த மண்ணுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளவேண்டும் போலும்!

தமிழகம் வந்த பெருங்கடிகாரம்

தமிழகத்து நெடுங்கடிகாரங்களுள் வரலாற்றுச் சிறப்பால் முதலிடம் பெறுவது இலண்டன் கைவினைஞர் ஜான் ஷெல்ட்டன் செய்தது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் அரிய காட்சியை அளக்க, 1769இல் தாஹித்தித் தீவில் கேப்டன் குக் குழுவினர் பயன்படுத்தியதும் ஷெல்ட்டன் செய்த கடிகாரமே. வில்லியம் பெட்ரி என்னும் கும்பெனி அதிகாரி 1786இல் சென்னையில் தம் சொந்தச் செலவில் வானாய்வுக் கூடம் ஒன்றை அமைத்தார். பின்னர் அது கும்பெனி வசமாகி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் பெற்றது. அதன் கருங்கல் தூணில் தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. அங்கு விண்மீன்களின் கடப்பை நொடிக் கணக்கில் குறிக்க உதவியது ஷெல்ட்டனின் கடிகாரம். அக்கூடத்தில் 1821இல் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலின் நீளத்தை ஆராய்ந்து, இம்மண்ணின் ஈர்ப்பையும் அளந்தார். 1899இல் வானாய்வுப் பணி கோடைக்கானலுக்கு மாறியபோது கடிகாரமும் மலையேறிற்று. இன்றும் அது அங்கே பேணப்பட்டு வருகிறது.

அக்கூடம் கணித்த ‘சென்னை நேரம்’ கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்களும் தந்தி அலுவலகங்களும் அந்நேரத்தையே பின்பற்றின. 1906 ஜனவரி முதல் நாள், இன்றுள்ள இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்தள்ளப்பட்டன.

வணிகத்தின் வழியாகவும் கடிகாரங்கள் வந்தன. சென்னையில் தோன்றிய பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம் கடிகார விற்பனையில் புகழ் பெற்றது. கடல்கடந்து கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூரில் வணிகம் செய்த நம்மவரும், பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய நகரத்தாரும் சுவர்க்கடிகாரங்களையும் நெடுங்கடிகாரங்களையும் கொணர்ந்து வீட்டுக்கும் பொதுவிடத்துக்கும் அளித்தனர்.

உப்பிலியபுரத்தின் நண்பகல்

இனி எம் ஊர்க் கணக்கிற்கு வருவோம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே துறையூர் வட்டத்தில் அமைந்த உப்பிலியபுரம், ஏறத்தாழ 78½ பாகைத் தீர்க்கரேகையில் உள்ளது. இந்திய நேரமோ 82½ பாகைக்கு உரியது. பாகைக்கு நான்கு நிமிடமாக, நான்கு பாகைக்குப் பதினாறு நிமிடம். ஆகவே கைக்கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது எம் ஊரில் சூரியன் சராசரியில் இன்னும் உச்சிக்கு வந்திராது. அன்றியும், பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுதும் ஒன்றன்று. அதன் அச்சும் சாய்ந்துள்ளது. ஆதலால் உச்சிப் பொழுதும் இடம் மாறுகிறது. பிப்ரவரி நடுவில் எம் ஊரின் உச்சி பகல் 12.30ஐ ஒட்டி நிகழும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணியளவிலேயே நிகழும். இடைவெளி அரைமணி நேரம்!

கைக்கடிகாரமும் வானொலியும் பரவாத காலத்தில் இந்த வேறுபாட்டைக் கடக்க வழி என்ன? முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குறுகி மீண்டும் நீளத் தொடங்கும் கணத்தைப் பார்ப்பதே. கடிகாரம் நிழலுக்கு மாற்றாக வந்ததன்று. மேகம் மூடிய நாளிலும் நள்ளிரவிலும் நிழல் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் துணை அது. நிழலைப் பார்த்து முள்ளைத் திருத்தியவர் காலத்தைக் கற்றார். முள்ளை மட்டும் பார்ப்பவர் பிறர் கற்றதைப் படிக்கிறார்.

சேகரிப்போர் அறியவேண்டியவை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைக் கண்டோர், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளிவந்த பொருள்களின் வகையையும் தொகையையும் அறிவர். அத்தகைய கடைகளில் கடிகாரம் வாங்க விழைவோருக்குச் சில சொற்கள்.

முகப்பில் எழுதிய பெயரை நம்பி விலை கூறவேண்டா. பல வேளைகளில் அது செய்தவர் பெயரன்று, விற்றவர் பெயர். ஒரு கடிகாரத்தின் பொறியை வேறொன்றின் பெட்டியில் பொருத்தி விற்பதும் உண்டு. பொறி அமரும் பலகையில் பயனற்ற பழைய துளைகள் உளவா, முகப்பு கதவின் சட்டத்தோடு இசைகிறதா, பெட்டிக்கு ஏற்ற நீளத்தில் ஊசல் உளதா என்று நோக்குக. எடைக்குண்டுகளையும் ஊசலையும் கழற்றிய பின்னரே இடம் பெயர்க்கவேண்டும். நிறுத்துமிடம் மட்டமாயிருத்தல் இன்றியமையாதது. சாய்ந்து நின்றால் ‘டிக்’ ஒலி நொண்டி நடக்கும், விரைவில் நின்றும்விடும். கறையானுக்கு அஞ்சிச் சுவரினின்று சற்று விலக்கி வைக்க. பித்தளை முகப்பைப் புளியிட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும்; பொறித்த எழுத்தும் வெள்ளிப் பூச்சும் போய்விடும்.

சேகரிப்பின் சிறந்த முறைக்கு ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம் சான்று. அங்குள்ள குக் அண்டு கெல்வி கடிகாரத்தில் மணிதோறும் ஒரு சிறு பதுமை வெளிவந்து மணியடிப்பதைக் காண மக்கள் காத்து நிற்கின்றனர். பொருள் இயங்குவதனாலேயே அக்கூட்டம். நின்றுபோனால் அதுவும் ஓர் அலமாரியே.

கைமாறும் அமானிதம்

இறுதியாக நம் சமுதாயத்தார்க்கு ஒன்று. இன்று பள்ளிவாசல்களில் தொழுகை நேரங்களைச் சிவந்த எழுத்தில் ஒளிரச் செய்யும் மின்பலகைகள் வந்துவிட்டன. நன்மையே, அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் பலகை வந்த அன்றே பழைய ஊசற்கடிகாரம் சரக்கறைக்குப் போகிறது. சில காலம் கழித்து வியாபாரியின் கைக்குப் போகிறது. அக்கடிகாரம் யாரோ ஒரு நல்லார், தம் பெற்றோரின் நன்மை நாடிப் பள்ளிக்கு அளித்ததாயிருக்கும். வக்ஃபாக வந்த பொருளை எப்போது மாற்றலாம், எப்போது விற்கலாம், விற்ற தொகையை எதில் செலவிடலாம் என்பதற்கெல்லாம் மார்க்கச் சட்ட நூல்களில் விரிவான விதிகள் உள. பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடும் முன் ஆலிம் ஒருவரைக் கேட்பது பெருஞ்சுமையன்று.

முத்தவல்லிகளுக்கு நம் வேண்டுகோள் இது: கடிகாரத்தை அளித்தவர் பெயரையும் ஆண்டையும் முதியோரிடம் கேட்டு ஜமாஅத் பதிவேட்டில் எழுதுக. எண்ணெய் இடத் தெரிந்த ஒருவரை அழைத்து அதனை ஓடச்செய்க. மதரஸாச் சிறுவர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை குறித்த நாளில் முடுக்கும் பொறுப்பையும் ஒப்படைக்க. அவ்வாறே முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் சாயும் வேளையையும் அச்சிறுவருக்குக் காட்டுக.

வீட்டுக் கூடத்திற்காக வாங்குவோரிடமும் இதையே கேட்கிறோம். விலை கொடுத்து அழகை வாங்கினீர்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொடுத்து அதன் உயிரையும் காப்பாற்றுங்கள்.