வேதாளத்தைச் சுமக்க வைத்தவர்

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கத்து அன்பர்கள், இன்ஜினியர்தானே, ஏதாவது டெக்னிக்கலாக எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது படம் போட்ட ஒருவரைப் பற்றி.

உருவிய வாளோடு, தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன். அம்புலிமாமா படித்த யாருக்கும் அந்தப் படம் மறக்காது. வரைந்தது யார் என்று கேட்டால்தான் முழிப்போம். அவர் கே.சி. சிவசங்கரன், வாசகர்களுக்கு 'சங்கர்'.

1924ல் ஈரோடு பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சிறு வயதிலேயே சென்னைக்கு வந்தவர். ராய் சௌத்ரி முதல்வராக இருந்த ஓவியப் பள்ளியில் படித்து முடித்து, 1946ல் கலைமகளில் சேர்ந்தார். 1952ல் அம்புலிமாமா. அப்புறம் அறுபது வருஷம் வேறு எங்கும் போகவில்லை!

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்பு, தெலுங்கிலும் தமிழிலும் ஆரம்பித்த பத்திரிகை அது. பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிற்று. எழுத்து மொழிக்கு மொழி மாறும், படம் ஒன்றேதான். ஆகவே சங்கர் வரையும் ராஜா தமிழ்ப் பிள்ளைக்கும் ராஜாவாகத் தெரியவேண்டும், ஒரியாப் பிள்ளைக்கும் தெரியவேண்டும். லேசான வேலையா? மூலத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அவை தீர்ந்த பிறகும் ஆசிரியர் குழு புதிது புதிதாக எழுதிக்கொண்டே போக, வேதாளம் முருங்கை மரம் ஏறிக்கொண்டே இருந்தது.

1972ல் சிவகாசி முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டுவந்தது. எனக்கும் மாயாவி பிடிக்கும். ஆனால் அது இங்கிலாந்துச் சரக்கு. சங்கரின் மண்டபமும் தூணும் நம் ஊர்க் கோயிலில் பார்த்த மாதிரியே இருக்கும்.

பிள்ளையார்பாளையத்துப் பக்கம் வளர்ந்த நம்மவர்களுக்கு இது புரியும். கிராப் தாளில் கட்டம் கட்டமாக ஒருவர் டிசைன் போடுவார். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பார்கள். அப்புறம்தான் தறியில் யாளியோ அன்னமோ எழும்பும். கல்யாணத்தில் எல்லோரும் கடைப் பெயரைத்தான் விசாரிப்பார்கள். டிசைன் போட்டவர் பெயரை யார் கேட்டார்கள்?

பத்திரிகை 2007ல் கை மாறியது. சில வருஷத்தில் நின்றும் போயிற்று. 2020 செப்டம்பர் 29 அன்று, 96 வயதில் சங்கர் காலமானார். பத்மஸ்ரீ அறிவித்தது 2021 ஜனவரியில். நான்கே மாதம் பிந்திவிட்டது.

வீட்டுப் பரணில் பழைய அம்புலிமாமா இருந்தால், பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.